பாதி வரைந்த குளியாள்

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்பு மகள் அமலிக்கு,

அப்பா எழுதுகிறேன். நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்தில் தொங்குகிற நீலத் திமிங்கிலத்தைப் பார்த்து வரைந்து, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அதைப் போனுக்குள்ளேயே வைத்திருக்க மனசு வரவில்லை. கடைக்குப் போய்ப் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கிவந்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அம்மா நாலு தடவை வந்து பார்த்துவிட்டாள். "பிள்ளை திரும்ப வரைய ஆரம்பிச்சுட்டா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லியாயிற்று.

படத்துக்குக் கீழே "சரியா வரலப்பா" என்று போட்டிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேசுகிற பத்து நிமிஷத்தில் பாதி, சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிர் எப்படி என்பதிலேயே போய்விடுகிறது. இது கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம்.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் பென்சிலைத் தொடாத கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாய், எங்கும் தயங்கவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் எனக்குக் குறை. தாடைக்குக் கீழே தொடங்குகிற வரிகளை நீ துடுப்போடு நிறுத்திவிட்டாய். அவை அங்கே நிற்காது. மார்பைத் தாண்டி வயிற்றில் ஓடித் தொப்புளில் போய்த்தான் முடியும். நீலத் திமிங்கிலம் வாயைத் திறந்து கூனி இறாலும் தண்ணீருமாக அள்ளும்போது அந்த வரிகள்தான் விரிந்துகொடுக்கின்றன. தொண்டையும் வயிறும் ஒரு பெரிய பைபோல உப்பிவிடும். அப்புறம் தண்ணீரை மட்டும் வெளியே தள்ளிவிட்டுக் கூனியை உள்ளே வைத்துக்கொள்ளும். வரிகளைப் பாதியில் நிறுத்தினால் பையைப் பாதியில் தைத்து நிறுத்திய மாதிரி. உன் திமிங்கிலம் அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடும்.

இந்தத் தொப்புள் விஷயம் அங்கே உன்னோடு தங்கியிருந்தபோதே உன்னிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனது. அந்தத் திமிங்கிலத்தை 1969இல் மியூசியத்தில் மாட்டியபோது அதற்குத் தொப்புளே கிடையாது. 94 அடி நீளம், 21,000 பவுண்டு எடை, கண்ணாடி இழையில் செய்த உடம்பு. எல்லாம் இருந்தது, தொப்புள் மட்டும் இல்லை. செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீருக்குள் உயிரோடு நீந்துகிற நீலத் திமிங்கிலத்தை அவர்கள் பார்த்ததில்லை. 1925இல் தென் அமெரிக்காவின் தென்முனையில் செத்துக் கிடைத்த ஒரு பெண் திமிங்கிலத்தின் போட்டோக்கள்தான் அவர்கள் கையில் இருந்தவை. கரைக்கு வந்த திமிங்கிலம் தன் எடையாலேயே சப்பிப்போகும். அந்தச் சப்பிய உடம்பைப் பார்த்து, இது தண்ணீரில் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனசுக்குள் நிமிர்த்தி, அதைச் செய்தார்கள். 2003இல் மண்டபத்தைப் புதுப்பித்தபோதுதான் கண்ணையும் ஊதுதுளையையும் திருத்தி, தொப்புளையும் வைத்தார்கள்.

நீ எந்தக் காட்சிப் பொருளைப் பார்த்து வரைந்தாலும் இதை மனசில் வைத்துக்கொள். நீ வரைவது திமிங்கிலத்தை மட்டும் அல்ல. திமிங்கிலத்தைப் பார்த்த இன்னொருவரின் பார்வையையும் சேர்த்து வரைகிறாய். அவருக்கு எது நிச்சயமாகத் தெரிந்தது, எதை ஊகித்தார் என்று கேட்டுக்கொண்டே வரைய வேண்டும். அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டால் நாலு மணி நேரம் போனதே தெரியாது.

உன் வீட்டில் தங்கியிருந்த அந்த மூன்று மாதம் நீ ஆபீசுக்குப் போன பிறகு நான் நியூயார்க் போகிற பாத் ரயில் ஏறி அந்த மியூசியத்துக்குத்தான் போவேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று முழுதாகச் சொன்னதில்லை. முதல் நாள் மாடிக் கைப்பிடி ஓரமாக நின்று வரையப் பார்த்தேன். திமிங்கிலம் தாளுக்குள் அடங்கவில்லை. தலையை வரைந்து முடிப்பதற்குள் வாலுக்கு இடம் தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு "முதலில் மொத்த அளவைப் பிடி" என்று சொல்லிக்கொடுத்த நான் முதல் நாளே அந்தத் தப்பைச் செய்தேன். கீழே பார்த்தால் சின்னப் பிள்ளைகளெல்லாம் தரையில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நானும் படுத்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் தலைக்கு மேலே பிடித்து, பென்சிலை நீட்டித் தலை எத்தனை, உடம்பு எத்தனை என்று அளந்தேன். தலையே மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு வருகிறது. கீழே இருந்து பார்த்தபோதுதான் அந்த வரிகள் எங்கே போகின்றன என்பதும் தெரிந்தது. நீ நின்றுகொண்டு வரைந்திருப்பாய் என்று நினைக்கிறேன். அடுத்த முறை படுத்துப் பார்.

"போட்டோ பார்த்து வரைஞ்சா என்னப்பா? இங்கிருந்தே ஆயிரம் போட்டோ கிடைக்குமே" என்று நீ ஒருநாள் கேட்டாய். சோறு போட்டுக்கொண்டிருந்தாய், அதனால் நான் சும்மா சிரித்துவிட்டேன். பதில் இதுதான். போட்டோவில் அந்த 94 அடியும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். அங்கே நின்றால் அடங்காது. கண் போகும், தலை திரும்பும், கழுத்து வலிக்கும், ரெண்டு எட்டு நகர வேண்டும். அந்த நகர்தல் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. உன் முதுகுக் கோட்டில் எனக்கு அது தெரிந்தது. போட்டோ பார்த்துப் போட்ட கோடு அப்படி இருக்காது.

உனக்கு எட்டு வயதில் சென்னைக்குக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? எழும்பூர் மியூசியத்தைப் பெரியப்பா "செத்த காலேஜ்" என்றுதான் சொல்வார். மிருகக்காட்சி சாலை உயிர்க் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். பழைய சென்னைக்காரர்கள் வைத்த பெயர். நீ அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுதாய். அப்புறம் உள்ளே திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றாய். துடுப்பு இருக்கிற இடத்தைக் காட்டி, "இதுக்கு ஏன்ப்பா கை இருக்கு?" என்று கேட்டாய். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. மணிக்கட்டு, விரல் எலும்பு, எல்லாம் வரிசையாக இருந்தன. பெரியவர்கள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். நீதான் பார்த்தாய். அன்றைக்கு உன் நோட்டில் திமிங்கிலத்துக்கு அஞ்சு விரல் போட்டுக் கீழே பெயரும் எழுதினாய். அந்த நோட்டு இங்கேதான் இருக்கிறது. இப்போது துடுப்பை வரையும்போதும் உள்ளே அந்தக் கை இருக்கிறது என்று நினைத்து வரை. தோள் எங்கே, முழங்கை எங்கே என்று தெரிந்தால் துடுப்பு ஒட்டவைத்த மாதிரி இருக்காது.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. நம் பழைய வீட்டுப் பின்சுவர் கடல் கல்லில் கட்டியது. அந்தக் காலத்தில் இங்கே தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தை வள்ளத்தில் ஏற்றிவந்து சுண்ணாம்புக்கும் சுவருக்கும் போட்டார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் நீ தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பாய். நட்சத்திரம் நட்சத்திரமாக வரும். ஒவ்வொரு நட்சத்திரமும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த குழி. உனக்கு அப்போது நாலு வயது. கடலில் இருக்கிற ஓர் உயிரை நீ வரைந்தது அதுதான் முதல் தடவை.

நியூயார்க்கில் அந்தப் பவளப்பாறைக் காட்சிக்கு முன்னால் போய் நின்றபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. பஹாமாசில் ஆண்ட்ரோஸ் தீவை ஒட்டிய பாறை. மேல் தளத்தில் தீவும் வானமும், படி இறங்கினால் அதே காட்சியின் கடலடி. 1924இல் ராய் வால்டோ மைனர் என்பவர் அதற்காகப் போனார். கப்பலிலிருந்து கடலுக்குள் ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அதன் அடியில் இருந்த கண்ணாடிச் சன்னல் வழியாகப் பாறையைப் பார்த்தார். ஓவியர் கிறிஸ் ஓல்சன் மூழ்குகிறவர்கள் அணியும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியிலேயே உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். தண்ணீருக்குள் உட்கார்ந்து தீட்டியிருக்கிறார், அமலி! அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. 40 டன் பவளத்தை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, 1935இல்தான் காட்சியைத் திறந்தார்கள். ஏன் அவர் கடலுக்குள் இறங்கித் தீட்டினார் என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும். பவளத்தை வெளியே எடுத்தால் நிறம் போய்விடும். நம் சுவர்க்கல் வெள்ளையாகத்தானே இருந்தது? அந்த நிறம் கல்லில் இல்லை, அதில் குடியிருக்கிற உயிரில் இருக்கிறது. உயிர் போனதும் நிறமும் போய்விடுகிறது. அப்புறம் மனிதர்கள் உட்கார்ந்து அந்த நிறத்தைத் திரும்பத் தர வேண்டும். கடலடியில் பார்த்துத் தீட்டி வைத்த படம் இருந்தால்தான் அது முடியும்.

இங்கே 2001இல் பவளத்தை வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கு அப்புறமும் கொஞ்ச காலம் கல் வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் எடுத்தது 40 டன், அதை ஒரு காட்சியாக்கி வைத்திருக்கிறார்கள். நாம் எடுத்ததற்குக் கணக்கே இல்லை, எல்லாம் சுவராகவும் சுண்ணாம்பாகவும் போய்விட்டது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தோடுதான் அந்தப் பெரிய மான்கொம்புப் பவளத்தை வரைந்தேன். அது நன்றாக வந்தது. உனக்குக் கொடுத்துவிட்டு வந்தேனே, அந்தப் படம்தான்.

நிறம் போவது பவளத்துக்கு மட்டும் இல்லை. பாட்டிலில் பார்மலினில் போட்ட கணவாயைப் பார்த்திருப்பாய், வெந்த முட்டை மாதிரி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். ஏலக்கூடத்தில் கூடையிலிருந்து இப்போதுதான் கொட்டிய ஓட்டுக் கணவாய் மேல் நிறம் ஓடி ஓடி மாறும். ரெண்டும் ஒரே பிராணி என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். பாடம் செய்த மீனும் அப்படித்தான். தோல் காய்ந்து இறுகி, செதிலுக்கு மேலே யாரோ வண்ணம் பூசியிருப்பார்கள். சொறியை, அதுதான் ஜெல்லி மீனை, பாடம் செய்யவே முடியாது. நாம் பாஸ்டன் போயிருந்தபோது ஹார்வர்டில் கண்ணாடியில் செய்த சொறிகளையும் கடல் சாமந்திகளையும் பார்த்தோமே, அவை அதற்காகவே செய்தவை. அவற்றைச் செய்த கண்ணாடிக் கலைஞர் லியோபோல்ட் பிளாஷ்கா 1853இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், காற்று விழுந்து கப்பல் நின்றுபோனது. அசோர்ஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் கப்பல் அப்படிச் சும்மா கிடந்த நாட்களில் அவர் கடலில் மிதந்த சொறிகளைப் பார்த்து வரைந்து வைத்தார். பத்து வருஷம் கழித்து டிரெஸ்டன் மியூசியத்துக்காகக் கண்ணாடியில் செய்ய ஆரம்பித்தார். அப்புறம் மகன் ருடால்பும் சேர்ந்துகொண்டான். அப்பாவும் பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அத்தனையும் செய்தார்கள். நீ அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே கேட்க நினைத்ததை இப்போது கேட்கிறேன். பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் உன் வண்ணப் பெட்டியையும் நோட்டுகளையும் கட்டிப் பரணில் ஏற்றியவன் நான். "கோடு போட்டு என்ன ஆகப்போகுது, கணக்கைப் பாரு" என்றேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஓவிய வாத்தியார் சொன்னேன். எனக்குச் சம்பளம் நேரத்துக்கு வராத வருஷங்கள் உனக்கு நினைவிருக்காது. உன் அம்மா கம்மலை வைத்துப் பள்ளிக்கூட பீஸ் கட்டினாள். நீயும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பயந்தேன். பயம் உண்மைதான். ஆனால் படிப்போடு சேர்த்து வரையட்டும் என்று விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையையாவது விட்டுவைத்திருக்கலாம். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை வதைக்கிறது. என்னை மன்னித்துவிடு, அம்மா.

சரி. வரைவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

நியூயார்க்கில் அந்த நீலத் திமிங்கில மண்டபத்தில் எண்ணெய்த் திமிங்கிலமும் ராட்சதக் கணவாயும் கட்டிப் புரளுகிற காட்சி ஒன்று மூலையில் இருக்கிறது. அங்கே இருட்டாக இருப்பதால் பலர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ அங்கே போய் உட்கார். தாளே தெரியாது. கண்ணைத் தாளுக்குக் கொண்டுவராமல் பிராணி மேலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் ஓடவிடு. கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். அந்தக் காட்சியைச் செய்தபோது ஆழ்கடலில் உயிரோடு இருந்த ராட்சதக் கணவாயைப் பார்த்தவர் யாரும் இல்லை. 2004இல்தான் ஜப்பான்காரர்கள் அதை முதன்முதலாகக் கடலுக்குள் போட்டோ எடுத்தார்கள். பார்க்காததை இருட்டில் வைத்திருக்கிறார்கள், அது எனக்கு ரொம்ப நேர்மையாகத் தோன்றியது.

கடற்பசுவையும் விட்டுவிடாதே. அங்கே இருப்பது அமெரிக்காவின் மனாட்டி. நம் ஆவுளியா இல்லை. முகம், மீசை, அந்தச் சாதுவான உடம்பு எல்லாம் ஒன்று மாதிரியே இருக்கும். வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனாட்டியின் வால் சுளகு மாதிரி வட்டமாக இருக்கும். ஆவுளியாவின் வால் திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலக் கவைத்திருக்கும். மனாட்டியை ஒரு தாளில் வரைந்து, பக்கத்திலேயே ஆவுளியாவின் வாலையும் போட்டு எனக்கு அனுப்பு. பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்காகப் பாதுகாத்த இடமாக அறிவித்தார்களே, அதைப் பற்றி இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் படத்தைக் காட்டிப் பேசலாம் என்று ஆசையாக இருக்கிறது.

கண்ணாடியில் விளக்கு பட்டுக் கண் கூசினால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போ, பிரதிபலிப்பு குறையும். நான் ஒரு மாதம் கழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். 2பி பென்சில் ரெண்டு டஜனும் நீ கேட்ட கருப்பட்டி மிட்டாயும் இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகின்றன. அழிரப்பர் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் முத்துக்குளிப்புக் காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பசிபிக் கடலில் ஒரு தீவு, அதன் காயலுக்குள் இறங்கிச் சிப்பி எடுக்கிறவர்கள். எனக்குத் தாத்தாதான் தெரிந்தார். 1961இல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில், முத்துச்சிப்பி விளையும் கடல் பாருக்குப் போனவர் அவர். எனக்கு அப்போது மூன்று வயது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு பத்துப் பாகம், அதாவது அறுபது அடி வரை இறங்குவாராம். மேலே தோணியில் கயிறு பிடிப்பது மச்சினராகத்தான் இருக்க வேண்டும் என்பார். தன் அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டானாம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஒரு குளியாளின் தலை, தோள், சிப்பிக்கு நீளுகிற கை வரை வரைந்துவிட்டேன். இடுப்புக்கு வரும்போது அஞ்சரை மணி ஆகிவிட்டது, காவலர் வந்து மூடப்போகிறோம் என்றார். கால் வரையவில்லை.

அந்தத் தாளையும் பார்சலில் வைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய், நான் விட்ட இடத்திலிருந்து நீ வரைந்து முடி. என் கோட்டைத் திருத்த வேண்டாம். அவர்கள் காலை எப்படி மடக்கியிருக்கிறார்கள், கல் இருக்கிறதா, கயிறு இருக்கிறதா என்று பார்த்து வரை. முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்பாதே. தபாலில் தாளையே அனுப்பு.

அம்மா மாதா கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள், உன் பெயருக்கும் மெழுகுதிரி ஏற்றுவாளாம்.

அன்புடன்,
அப்பா